பிரிப்பதற்கு முன் ஆறு எண்கள்



இன்ஜினை இறக்கிப் பிரித்து, புது சீல் எல்லாம் போட்டுக் கட்டி, திரும்ப ஏற்றி, சாவியைத் திருப்புகிறோம். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. கேஜை வைத்துப் பார்த்தால் கம்ப்ரஷன் முள் மேலே ஏற மறுக்கிறது. வெளிநாட்டுப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் வாசகத் தம்பி ஒருவர் இந்த நிலைமையில் நின்றுகொண்டு எழுதியிருக்கிறார். வண்டி மாஸ்டா ஆர்எக்ஸ்-8. உள்ளே இருப்பது ரோட்டரி இன்ஜின். "திரும்ப இறக்கிவிடட்டுமா அண்ணா?" என்று கேட்கிறார்.

இறக்காதீர்கள் தம்பி. அதற்கு இன்னும் வேளை வரவில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கவே இந்த மாதப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன். மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்ச் சாலையில் ரோட்டரி வண்டி கண்ணில் படுவதே அபூர்வம் என்பது தெரியும். ஆனாலும் பிஸ்டன் இன்ஜின் பிரித்துப் பழகிய எந்தக் கைக்கும் இந்தக் கதை பிடிக்கும் என்று நம்புகிறேன். காற்று எந்த வழியாகக் கசிகிறது என்பதை இன்ஜினைத் திறக்காமலே கண்டுபிடிக்க முடிகிற வசதி இதில் இருக்கிறது.

முதலில் ஆளை அறிமுகம் செய்துவிடுகிறேன். ரோட்டரியில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது. இடுப்பு லேசாகச் சிறுத்த நீள்வட்டமாக ஒரு ஹவுசிங். அதற்குள் பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோணமாக ஒரு ரோட்டார். ரோட்டார் ஒரு முறை சுற்றி முடிப்பதற்குள் நடுவிலிருக்கும் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் மூன்று முறை சுற்றிவிடும். முக்கோணத்துக்கு மூன்று முகம். ஒவ்வொரு முகமும் எதிரேயுள்ள ஹவுசிங் சுவரும் சேர்ந்தால் ஓர் அறை. காற்றை இழுப்பது, அமுக்குவது, எரிப்பது, வெளியேற்றுவது என்ற நான்கு வேலையும் அந்த அறை நகர்ந்துகொண்டே செய்கிறது. ஆர்எக்ஸ்-8இல் 654 சிசி வீதம் இரண்டு ரோட்டார். ஆக ஆறு அறைகள்.

இந்த அறைகளை அடைத்து வைப்பவை சின்னச் சின்ன சீல்கள். முக்கோணத்தின் நுனிக்கு ஒன்றாக மூன்று அபெக்ஸ் சீல். ரோட்டாரின் இரண்டு தட்டைப் பக்கங்களிலும் விளிம்பையொட்டி ஓடும் மெல்லிய சைடு சீல் ஆறு. நுனியும் விளிம்பும் சந்திக்கும் மூலைகளில் பொத்தான் அளவில் கார்னர் சீல் ஆறு. ஒரு ரோட்டாருக்குப் பதினைந்து, இரண்டுக்கும் முப்பது. ஒவ்வொன்றின் அடியிலும் ஸ்பிரிங் வேறு. பிஸ்டனுக்கு ரிங் செய்கிற வேலையை இந்த முப்பதும் சேர்ந்து செய்ய வேண்டும். ஒன்று சொன்னபடி கேட்காவிட்டாலும் கேஜ் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த இன்ஜின் பிறந்த நாளிலிருந்தே பிரச்சினை சீலில்தான். ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல் என்எஸ்யூ நிறுவனத்தோடு சேர்ந்து 1957இல் முதல் மாதிரியை ஓட்டிக்காட்டினார். அதைப் பார்த்து உலகம் முழுக்க உரிமம் வாங்க ஓடினார்கள். ஹிரோஷிமாவிலிருந்து மாஸ்டாவின் தலைவர் ட்ஸுனேஜி மட்சுடாவும் போனார். 1961இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஊருக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தபோது ஹவுசிங்கின் பளபளப்பான உட்சுவரில் வரிவரியாகக் கீறல் விழுந்தது. அபெக்ஸ் சீல் அதிர்ந்து அதிர்ந்து சுவரைப் பிறாண்டிய தடம் அது. அதற்கு அங்கிருந்த பொறியாளர்கள் பிசாசின் நகக்கீறல் என்று பெயர் வைத்திருந்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பேர் கொண்ட குழு வருடக்கணக்கில் அந்தக் கீறலோடு மல்லுக்கட்டியது. சீலுக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு அதிர்வெண்ணை மாற்றியபோது கீறல் நின்றது. பிறகு அலுமினியம் ஊட்டிய கார்பனில் சீல் செய்து, 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் வெளியான என்எஸ்யூ ஆர்ஓ 80, மறு ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதை வாங்கியும், சீல் தேய்மானத்தால் பேரைக் கெடுத்துக்கொண்டது. 1991இல் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி காரின் நான்கு ரோட்டார் இன்ஜினில் அபெக்ஸ் சீல் செராமிக். எனக்கு இந்த வரலாற்றில் பெரிய மரியாதை உண்டு. விரல் நீளத்துக் கம்பி ஒன்றுக்காக ஒரு நிறுவனமே இத்தனை காலம் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறது.

சரி, தம்பியின் வண்டிக்கு வருவோம்.

நான் முதலில் கேட்க நினைப்பது, அளந்தது எந்த கேஜில் என்பதை. பிஸ்டன் இன்ஜினுக்கு வைத்திருக்கும் சாதாரண கம்ப்ரஷன் கேஜை ரோட்டரியின் பிளக் துளையில் திருகினால் அது முழு உண்மையைச் சொல்லாது. அந்த கேஜின் வாயில் ஒரு சிறு வால்வு இருக்கும், ஏறிய அழுத்தத்தை இறங்கவிடாமல் பிடித்து வைக்க. பிஸ்டன் இன்ஜினில் ஒரு பிளக் துளைக்கு ஒரே அறை என்பதால் அது சரி. ரோட்டரியில் ஒரே துளைக்கு முன்னால் மூன்று முகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. மூன்றில் எது நன்றாக இருக்கிறதோ அதன் அளவை கேஜ் பிடித்து வைத்துக்கொள்ளும். மற்ற இரண்டும் செத்துக் கிடந்தாலும் தெரியாது. இதனால் நல்ல எண்ணைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு, மூன்றும் எப்படி என்று தெரியாமலே இன்ஜினை இறக்குவதும் உண்டு.

ரோட்டரிக்கென்றே மின்னணு டெஸ்டர் இருக்கிறது. மூன்று முகங்களின் அழுத்தத்தையும் தனித்தனியாகப் பதிந்து, அளந்தபோது ஷாஃப்ட் சுற்றிய வேகத்தையும் காட்டும். வாங்க முடிந்தால் வாங்குங்கள், பக்கத்துப் பட்டறையில் இருந்தால் இரவல் கேளுங்கள். இரண்டுக்கும் வழியில்லை என்றால் சாதாரண கேஜின் அந்தச் சிறு வால்வைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டர் சுற்றும்போது முள் துள்ளுவதைக் கைபேசியில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். துல்லியமான எண் கிடைக்காது. ஆனால் மூன்று துள்ளலும் ஒரே உயரமா, ஒன்று குட்டையா, இரண்டு குட்டையா என்பது தெரிந்துவிடும். அனுபவசாலிகள் பிளக்கைக் கழற்றிவிட்டு காதாலேயே கேட்பார்கள். புஸ், புஸ், புஸ் என்று சீராக வந்தால் ஒரு மாதிரி, நடுவில் ஒன்று அமுங்கினால் வேறு மாதிரி.

அளக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். பெட்ரோல் வராமலும் பொறி வராமலும் நிறுத்திவிட வேண்டும். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே போகும் காற்றே குறைந்துவிடும். ஓடுகிற இன்ஜின் என்றால் சூடாக்கிய பிறகு அளக்க வேண்டும். ஓடாத இன்ஜினைக் குளிரத்தான் அளக்க முடியும், அதையும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். கடல் மட்டத்திலிருந்து உயரத்தில் இருக்கும் ஊர் என்றால் எண் குறைவாகத்தான் வரும்.

ஆர்எக்ஸ்-8க்கு மாஸ்டா கொடுத்திருக்கும் கணக்கு இது. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 250 சுற்று சுற்றும்போது சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோ, அதாவது 120 பிஎஸ்ஐ இருந்தால் சரியான நிலை. 6.9 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது. ஒரே ரோட்டாரின் மூன்று முகங்களுக்கிடையே 1.5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் கூடாது, இரண்டு ரோட்டார்களுக்கிடையே 1 கிலோவுக்கு மேல் கூடாது. இதில் பலரும் தாண்டிப் போய்விடும் சொல் அந்த 250 சுற்று. 250 சுற்றில் ஒரு முகம் ஒரு முறை அமுக்கி மறு முறை அமுக்க முக்கால் விநாடி ஆகிறது. இன்ஜின் கணக்கில் அது யுகம். காற்று கசிய அத்தனை அவகாசம். ஸ்டார்ட்டர் இன்னும் சோர்ந்து 200 சுற்றுக்கு இறங்கினால் நல்ல இன்ஜினும் நோயாளி போல எண் காட்டும். அதனால் வேகத்தைக் குறிக்காத கம்ப்ரஷன் எண்ணை நான் எண்ணாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஆறு எண்ணும் இரண்டு வேகமும் ஒரு தாளில் இருந்தால்தான் பேச்சே தொடங்குகிறது.

இந்த இன்ஜினில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிதான் வருகிறது.

அபெக்ஸ் சீல் இரண்டு அறைகளுக்கு நடுவே நிற்கிறது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் மாதிரி. அது விரிசல் விட்டால் இரண்டு வீட்டிலும் ஈரம் ஏறும். சைடு சீலோ அந்தந்த வீட்டின் சொந்தச் சுவர், அது கெட்டால் அந்த வீடு மட்டும் நனையும். ஆகவே ஒரு ரோட்டாரின் மூன்று எண்களில் இரண்டு விழுந்து ஒன்று நன்றாக நின்றால், விழுந்த இரண்டுக்கும் நடுவே உள்ள அபெக்ஸ் சீலையோ அதன் மூலையில் உள்ள கார்னர் சீலையோ சந்தேகப்படுங்கள். மூன்றில் ஒன்று மட்டும் விழுந்தால் அந்த முகத்தின் சைடு சீலைப் பாருங்கள். மூன்றும் சேர்ந்து விழுந்து அடுத்த ரோட்டார் நன்றாக இருந்தால், அந்த ஹவுசிங்கின் சுவரையோ பக்கத் தகட்டையோ பார்க்க வேண்டிவரும். ஆறும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுந்திருந்தால் சீலைக் குற்றம் சொல்ல அவசரப்படாதீர்கள். ஒரே நேரத்தில் முப்பது சீலும் கெட்டுப்போவது அரிது. பேட்டரி, ஸ்டார்ட்டர், மூடிக்கிடக்கும் த்ராட்டில், உலர்ந்துபோன ஹவுசிங், இன்னும் படியாத புது சீல் என்று பொதுவான காரணம் ஏதோ ஒன்று இருக்கும்.

தம்பியின் கடிதத்தில் நான் பார்த்ததும் அதுதான். சாதாரண கேஜில் முன் ரோட்டாரும் பின் ரோட்டாரும் ஒரே மாதிரி குறைவு என்று எழுதியிருக்கிறார். மூன்று முகத்தில் சிறந்ததைக் காட்டும் கேஜே குறைவு காட்டுகிறது, அதுவும் இரண்டு பக்கமும் சமமாக. இது பொதுவான காரணத்தின் முகவெட்டு. உள்ளே சீல் உடைந்திருந்தால் இவ்வளவு சமச்சீராக இருக்காது.

புதிதாகக் கட்டிய இன்ஜினில் கம்ப்ரஷன் குறைவாக இருப்பது ஓரளவு இயல்பும்கூட. ஓடுகிற இன்ஜினில் அபெக்ஸ் சீலைச் சுவரோடு அழுத்துபவை மூன்று: அடியிலிருக்கும் ஸ்பிரிங், காடிக்குள் புகுந்து பின்னாலிருந்து தள்ளும் வாயு, சுற்றும் வேகத்தால் வரும் மைய விலக்கு விசை. ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றும்போது மூன்றாவது இல்லவே இல்லை என்று சொல்லலாம், இரண்டாவது பலவீனம். ஸ்பிரிங் மட்டும் பாடுபடுகிறது. புது சீலின் வளைவும் பழைய ஹவுசிங்கின் வளைவும் இன்னும் ஒன்றுக்கொன்று பழகவில்லை. இடையில் எண்ணெய்ப் படலம் இருந்தால் அந்த மிச்ச இடைவெளியை அது அடைக்கும். கட்டி முடித்து வாரக்கணக்கில் நின்ற இன்ஜினில் அந்தப் படலம் வடிந்திருக்கும். பிடிக்கவில்லையே என்று திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டர் அடிக்கும்போது உள்ளே போகும் பெட்ரோல் மிச்சத்தையும் கழுவிவிடும். கழுவக் கழுவ கம்ப்ரஷன் குறையும், குறையக் குறையப் பிடிக்காது. இப்படிப் பெட்ரோல் நிறைந்து முடங்கிய ரோட்டரிகளைக் கெட்டுப்போன இன்ஜின் என்று நினைத்து இறக்கியவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

ஆகவே முதல் வைத்தியம் எளிது. பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, ஸ்டார்ட்டரால் சுற்றி உள்ளே தேங்கியதை வெளியேற்றுங்கள். அதே சுற்றில் ஆயில் பிரஷரும் ஏறட்டும், புது பேரிங்குக்கு அது நல்லது. ஸ்டார்ட்டருக்கு நடுநடுவே ஓய்வு கொடுங்கள். பிறகு ஒவ்வொரு ரோட்டாருக்கும் பிளக் துளை வழியே கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, ஷாஃப்டைக் கையால் சுற்றி மூன்று முகத்துக்கும் பரவவிடுங்கள். புது பிளக், முழு சார்ஜ் பேட்டரி, தேவைப்பட்டால் இன்னொரு வண்டியின் பேட்டரியையும் இணைத்து, பிறகு பெட்ரோல். பெரும்பாலும் புகையைக் கக்கிக்கொண்டு எழுந்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆயில் விட்டதும் கேஜில் எண் ஏறும். அதைப் பார்த்து "வந்துவிட்டது" என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. உடைந்த சீல் உள்ள இன்ஜினிலும் ஆயில் விட்டால் எண் ஏறத்தான் செய்யும். ஆயில் என்பது இன்ஜினை எழுப்ப உதவும் கைத்தடி. அளவெடுப்பதற்கு அது இடைஞ்சல். ஆயில் விடாமல் எடுத்த எண், விட்டபின் எடுத்த எண் இரண்டையும் தனித்தனியாக எழுதிவையுங்கள்.

எழுந்துவிட்டால் உடனே அணைக்காதீர்கள். சூடேறட்டும். ஆயில், கூலன்ட் கசிவு இருக்கிறதா என்று பார்த்தபடி கொஞ்ச நேரம் ஓடட்டும். சீல்களை நிறுத்திவைக்கத் தடவிய வாசலின் உருகி எரிய வேண்டும், அதுவரை புகை வரும், பயப்பட வேண்டாம். ஆறிய பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா பாருங்கள். பிறகு வண்டியை மிதமான வேகத்தில், உயர்ந்த சுற்றுக்கு விரட்டாமல், ஒரே வேகத்திலேயே பிடித்து நிற்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ரன்னிங்-இன் எத்தனை தூரம் என்பதில் ரோட்டரிக்காரர்களுக்குள் சண்டையே நடக்கும், சில நூறு கிலோமீட்டர் முதல் ஆயிரத்துக்கு மேல் வரை சொல்வார்கள். என் ஆலோசனை, தூரத்தை விட்டுவிட்டு எண்ணைப் பின்தொடருங்கள் என்பது. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் சூட்டோடு அளந்து பாருங்கள். ஆறு எண்ணும் ஏறிக்கொண்டிருந்தால் சீல் படிகிறது. விட்டுவிடுங்கள்.

எண் ஏறவில்லை, அல்லது ஒரு முகம் தொடக்கத்திலிருந்தே சுழியத்தை ஒட்டி நிற்கிறது, அல்லது கையால் சுற்றும்போது ஓரிடத்தில் கிளிக் என்று தட்டுகிறது என்றால் அப்போது இறக்கலாம். தட்டும் சத்தம் கேட்டால் ஒரு சுற்றுகூட அதிகம் சுற்றாதீர்கள், தளர்ந்த துண்டு ஹவுசிங்கைக் கிழித்துவிடும்.

இறக்கினால் எங்கே பார்ப்பது? அபெக்ஸ் சீல் ஒரே துண்டு கிடையாது. வகையைப் பொறுத்து இரண்டு அல்லது மூன்று துண்டு. மூலையில் வரும் சின்னத் துண்டு கட்டும்போது நழுவாமலிருக்க ஒரு துளி பசை வைப்பார்கள். பசை கூடிப்போனால் சீல் காடியிலேயே ஒட்டிக்கொண்டு வெளியே வராது. அடியிலிருக்கும் ஸ்பிரிங் தலைகீழாகப் போயிருக்கலாம், மடங்கியிருக்கலாம். காடிக்கும் அபெக்ஸ் சீலுக்கும் இடைவெளி 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் ரோட்டாரின் காடி தேய்ந்துவிட்டது என்று பொருள். அதில் புது சீல் போட்டுப் பயனில்லை. சைடு சீலுக்கும் கார்னர் சீலுக்கும் நடுவே 0.05 முதல் 0.15 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ஒவ்வொரு சைடு சீலையும் அதனதன் காடியில், அதனதன் கார்னர் சீலோடு வைத்து ஃபீலர் கேஜால் அளந்து அரம் போட்டுச் சேர்க்க வேண்டிய இடம் இது. ஒன்றை அளந்து மற்ற எல்லாவற்றையும் அதே நீளத்துக்கு அறுத்தால் சில இறுகிக் கார்னர் சீலை நகரவிடாமல் பிடிக்கும், சில தளர்ந்து காற்றை விடும். கட்டுகிறவரின் பொறுமை எண்ணில் தெரிவது இந்த ஒரு வேலையில்தான். ஹவுசிங்கின் உட்சுவரில் க்ரோம் பூச்சு விளிம்போரம் உரிந்திருக்கிறதா, பக்கத் தகட்டில் சீல் ஓடிய தடம் படியாக இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய ஹவுசிங்கைத் திரும்பப் போடும்போது பணம் மிச்சம் என்று நினைப்போம். ஆனால் புது சீலால் நிரப்ப முடியாத குழி அதில் இருந்தால் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் எண் ஏறாது. வாடிக்கையாளரிடம் இதை வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது.

போர்ட்டை அகலப்படுத்திக் கட்டிய பந்தய இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் மேலே சொன்ன தொழிற்சாலை எண்ணோடு ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள். போர்ட் திறந்திருக்கும் நேரம் மாறினால் ஸ்டார்ட்டர் வேகத்தில் வரும் எண்ணும் மாறும். உங்களுக்கு முக்கியம் மூன்று முகத்துக்கும் இடையிலான வித்தியாசம்.

2023இல் மாஸ்டா எம்எக்ஸ்-30 காரில் ஒற்றை ரோட்டார் இன்ஜினை மின்சாரம் தயாரிக்கும் வேலைக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 830 சிசி. அதில் அபெக்ஸ் சீலின் தடிமனை ஆர்எக்ஸ்-8இல் இருந்த 2 மில்லிமீட்டரிலிருந்து 2.5 மில்லிமீட்டராக்கியிருக்கிறார்கள். அறுபது ஆண்டுக்குப் பிறகும் அதே இடத்தில்தான் வேலை நடக்கிறது என்பதைத் தம்பி தெரிந்துகொண்டால் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. இறக்கித் திறக்க வேண்டிய நாள் வந்தே விட்டால், ரோட்டாரை வெளியே எடுத்ததும் துணியால் துடைத்துவிடாதீர்கள். காற்று கசிந்த வழியெல்லாம் கரித்தடமாகத் தெரியும். முன் ரோட்டார், பின் ரோட்டார், முதல் முகம், இரண்டாம் முகம் என்று மார்க்கரால் எழுதி, ஒவ்வொரு சீலையும் அது இருந்த காடியின் பெயரிட்ட உறையில் போட்டு, படம் எடுத்து, தாளில் இருக்கும் ஆறு எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மண்ணெண்ணெய் டப்பாவைப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்